காதல் கதைக்குள் ஜெபம் எதற்கு?

கேள்வி: மதிப்பிற்குரிய அம்மாவுக்கு ஸ்தோத்திரம். பதினோரு ஆண்டுகளாகக் காதல் தொடர்கதைகள் எழுதி வருகிறேன். மூன்று கதைகள் புத்தகமாகவும் வந்திருக்கின்றன. போன வருடம் உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது அமெரிக்காவில் வெளியாகும் கிறிஸ்தவக் காதல் நாவல்கள் சிலவற்றை வாசித்தேன். சில அழவைத்தன, சில கொட்டாவி விடவைத்தன. படுக்கையறைக் காட்சி கூடாது, கெட்ட வார்த்தை கூடாது, நாயகன் விசுவாசியாக இருந்தே தீரவேண்டும் என்று இத்தனை வேலிகள் போட்ட இடத்துக்குள் நன்றாக எழுதத் தெரிந்தவர்கள் ஏன் விரும்பிப் போகிறார்கள்? பக்தியா, பிழைப்பா, பயமா? "பிரசங்கத்துக்குச் சர்க்கரை தடவுகிறார்கள், வேறென்ன?" என்கிறார் என் கணவர். எனக்கும் அப்படி ஒன்று எழுத ஆசை வந்திருக்கிறது. சொல்லவே கூச்சமாக இருக்கிறது. நான் இறங்கலாமா?
— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரி,

உங்கள் கணவர் சொன்னதில் பாதிக்கு மேல் உண்மை இருக்கிறது. முதலில் அதை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். இருபது ஆண்டுகளாக மற்றவர்களின் கைப்பிரதிகளைத் திருத்துவதுதான் என் தொழில். அவற்றில் கிறிஸ்தவக் காதல் நாவல்களும் கணிசமாக உண்டு. பலவற்றில் முதல் நாற்பது பக்கத்துக்குள் சர்க்கரை கரைந்துவிடும். அதன் பிறகு நாயகன் வாயைத் திறந்தால் வசனம், நாயகி வாயைத் திறந்தால் வியாக்கியானம். அப்படிப்பட்ட பிரதிகளைத் திருத்தும் இரவுகளில் நானும் ஜெபித்திருக்கிறேன், இன்னும் எத்தனை பக்கம் ஆண்டவரே என்று.

ஆனால் நீங்கள் கேட்பது அவர்களைப் பற்றி அல்ல. எழுதத் தெரிந்தவர்கள் ஏன் போகிறார்கள் என்று கேட்கிறீர்கள். மூன்று காரணங்களையும் நீங்களே அடுக்கிவிட்டீர்கள். நான் பிழைப்பிலிருந்து தொடங்குகிறேன். அதைப் பேசத்தான் எல்லாரும் கூச்சப்படுகிறார்கள்.

இந்த வகையின் முன்னோடிகளில் ஒருவர் கிரேஸ் லிவிங்ஸ்டன் ஹில் (1865–1947). போதகரின் மகள், போதகரையே மணந்தவர். 1899-இல் கணவர் இறந்துபோனார். இரண்டு பெண் குழந்தைகள். கையிலிருந்த தொழில் எழுத்து. அதைக் கொண்டுதான் குடும்பத்தைக் கரைசேர்த்தார். நூற்றுக்கு மேற்பட்ட புத்தகங்கள் எழுதினார். அந்த அம்மாவிடம் போய், "பக்திக்காக எழுதினீர்களா, பணத்துக்காக எழுதினீர்களா?" என்று கேட்டால் என்ன சொல்லியிருப்பார்? உலை வைத்துக்கொண்டிருக்கிறவளிடம், பசிக்காகச் சமைக்கிறாயா பாசத்துக்காகச் சமைக்கிறாயா என்று கேட்பது போலத்தான். இரண்டும் ஒரே பானையில்தான் வேகும்.

இது வியாபாரமாக வேர்பிடித்தது வெகுகாலம் கழித்து. அமெரிக்கக் கிறிஸ்தவப் புத்தகக் கடைக்காரர்கள் 1950-இல் தங்களுக்கென்று ஒரு சங்கம் அமைத்துக்கொண்டார்கள். ஆனாலும் அந்தக் கடைகளில் வேதாகமத்துக்கும் விளக்கவுரைக்கும் தியான நூல்களுக்கும் கிடைத்த மரியாதை நாவலுக்குக் கிடைக்கவில்லை. 1979-இல் ஜேனட் ஓக் என்ற கனடா நாட்டுப் பெண்மணியின் முதல் நாவலை மினசோட்டாவில் இருந்த பெத்தனி ஹவுஸ் பதிப்பகம் வெளியிட்டது. அது விற்ற விதத்தைப் பார்த்த பிறகே மற்றப் பதிப்பாளர்களுக்குக் கண் திறந்தது. காதல் நாவலுக்கே பேர்போன ஹார்லெக்வின் நிறுவனம் 1997-இல் 'லவ் இன்ஸ்பயர்ட்' என்று தனி வரிசையே தொடங்கியது. வேதாகமம் அச்சிட்டுப் பெயர் வாங்கிய சோண்டர்வன் பதிப்பகம் 1988-இல் ஹார்ப்பர் அண்ட் ரோ நிறுவனத்தின் கைக்குப் போனது, அந்த நிறுவனம்தான் பிறகு ஹார்ப்பர்காலின்ஸ் ஆனது. தாமஸ் நெல்சன் பதிப்பகமும் 2012-இல் அதன் கைக்கே போனது. 2014-இல் ஹார்லெக்வினும் அதே முதலாளியிடம் வந்து சேர்ந்தது. வேதாகமமும் முத்தமும் ஒரே கல்லாப்பெட்டியில் என்று என் நண்பர் ஒருவர் சொல்வார். அவர் கணக்கர், அவருக்கு அப்படித்தான் தெரியும்.

எனவே சந்தை உண்டு, சம்பாதிக்கிறவர்களும் உண்டு. ஆனால் பணம் ஒன்றே குறி என்றால், வேலி போடாத காதல் நாவலின் சந்தை இதைவிடப் பெரியது. நன்றாக எழுதத் தெரிந்தவருக்கு அங்கே போக வழி தெரியாமலா இருக்கிறது? பிழைப்பு ஒரு காரணம்தான், முழுக் காரணம் ஆகாது.

பயமும் உண்டு. மறைப்பானேன்? சபை என்ன சொல்லும், மாமியார் என்ன நினைப்பார் என்று இந்த வகைக்குள் ஒதுங்கியவர்களை எனக்குத் தெரியும். மழைக்கு ஒதுங்கியவர்கள் அவர்கள். அவர்கள் எழுதும் காதலர்களுக்கு உடம்பே இருப்பதில்லை. கழுத்துக்கு மேல் இரண்டு தலைகள் மாறி மாறிப் பேசிக்கொண்டிருக்கும். 'கூடாது' என்ற பட்டியலைச் சுவரில் ஒட்டிவைத்துக்கொண்டு எழுதினால் வேறு என்ன வரும்? இவர்களோடு இன்னொரு கூட்டத்தைச் சேர்த்துவிடாதீர்கள். "என் மகள் கையில் தயங்காமல் கொடுக்கக்கூடிய ஒரு காதல் கதையை எழுதவேண்டும்" என்று சொல்கிறவர்கள் உண்டு. அதில் பயமில்லை. இன்னாருக்காக எழுதுகிறேன் என்ற தெளிவு இருக்கிறது. எழுதுகிறவருக்கு அது பெரிய உதவி.

இனி பக்தி. இந்தச் சொல்லில்தான் நானும் உங்கள் கணவரும் பிரிகிறோம்.

ஒருத்தி காலையில் கண் விழித்ததும் ஜெபிக்கிறாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது மனதுக்குள் ஆண்டவரிடம் முறையிடுகிறாள். கோபம் வந்தால் அவரிடமே கோபித்துக்கொண்டு இரண்டு நாள் பேசாமல் இருக்கிறாள். இப்படி வாழ்கிறவளின் மனதில் ஒருவன் வந்து உட்கார்ந்துவிட்டான் என்றால், அவள் அந்தச் சேதியை யாரிடம் முதலில் சொல்வாள்? தோழியிடமா, அம்மாவிடமா? அதற்கு முன்பே ஒரு பேச்சு நடந்து முடிந்திருக்கும். பொது நாவல்களில் பெரும்பாலும் அந்தப் பேச்சு இருக்காது. சபைக்குப் போகும் பாத்திரம் வந்தாலும் ஒன்று வெளிவேடக்காரனாக இருப்பான், அல்லது மூலையில் உட்கார்ந்து எல்லாரையும் ஆசீர்வதிக்கும் பாட்டியாக இருப்பாள். நடுவில் இருக்கும் சாதாரண விசுவாசி, அதாவது அரைகுறையாக நம்பி, அடிக்கடி சந்தேகப்பட்டு, ஆராதனையில் கொட்டாவி விட்டு, ஆனாலும் விடாமல் போய்க்கொண்டிருக்கும் மனுஷி, கதைகளில் அபூர்வம்.

அப்படி வாழ்கிற ஓர் எழுத்தாளர் தன்னைப் போன்ற ஒருத்தியை எழுத உட்கார்ந்தால், அவளுடைய நாளில் பாதியைச் செருப்பு மாதிரி வாசலில் கழற்றிவைத்துவிட்டுக் கதைக்குள் வரச் சொல்லவேண்டியிருக்கிறது. சிலருக்கு அது முடிகிறது. சிலருக்குக் கால் கூசுகிறது. இந்த இரண்டாவது ரகத்தார்தான் கிறிஸ்தவக் காதல் நாவலுக்கு வருகிறவர்களில் உருப்படியானவர்கள் என்பது என் அனுபவம். கதாநாயகியை முழுசாக எழுத இடம் கிடைக்கிறது என்பதற்காக வருகிறார்கள். வேலிகள் அந்த இடத்தோடு சேர்ந்து வருபவை. வாடகைக்கு வீடு பார்க்கும்போது வீட்டுக்காரர் போடும் நிபந்தனைகள் மாதிரி.

பிரான்சின் ரிவர்ஸைப் பாருங்கள். விசுவாசத்துக்கு வருவதற்கு முன்பே பொதுச் சந்தையில் சரித்திரக் காதல் நாவல்கள் எழுதி நன்றாக விலைபோனவர். 1986-இல் மனந்திரும்பினார். அதற்குப் பிறகு சுமார் மூன்று ஆண்டுகள் எழுத்து ஓடவில்லை. வேதம் வாசித்துக்கொண்டிருந்தவரின் கண்ணில் ஓசியாவின் புத்தகம் பட்டது: சோரம்போகும் மனைவியை மறுபடியும் நேசிக்கும்படி சொல்லப்பட்ட தீர்க்கதரிசி. அந்தக் கதையை 1850-ஐ ஒட்டிய கலிபோர்னியாவின் தங்க வேட்டைக் காலத்துக்குக் கொண்டுபோனார். குழந்தையாக இருக்கும்போதே விபசாரத்துக்கு விற்கப்பட்ட ஒரு பெண், அவளை மணந்துகொள்ளும் ஒரு விவசாயி. அவள் ஓடிப்போகிறாள், அவன் போய் அழைத்து வருகிறான், அவள் மறுபடியும் ஓடிப்போகிறாள். 'ரிடீமிங் லவ்' என்ற அந்த நாவல் 1991-இல் வெளிவந்தது, 2022-இல் திரைப்படமாகவும் வந்தது.

இதில் நான் உங்களுக்குக் காட்ட விரும்புவது ஒரு சின்ன விவரத்தை. 1991-இல் அந்த நாவலை வெளியிட்டது கிறிஸ்தவப் பதிப்பகம் அல்ல, பேன்டம் என்ற பொதுப் பதிப்பகம். திருத்திய பதிப்பாக ஒரு கிறிஸ்தவப் பதிப்பகத்திடம் அது வந்தது 1997-இல். ஆக, அந்த எழுத்தாளர் கடையில் எந்த அலமாரியில் வைப்பார்கள் என்று பார்த்துவிட்டு எழுத உட்காரவில்லை. அவரைத் தூங்கவிடாத கேள்வி ஒன்று இருந்தது: தன்னை வெறுக்கிற ஒருத்தியை ஒருவன் எவ்வளவு தூரம் நேசிக்க முடியும்? அதை எழுதி முடித்தார். அலமாரி பிறகு வந்து சேர்ந்தது. "நான் இந்த வகையைத் தேர்ந்தெடுக்கலாமா?" என்று கேட்கும் எல்லாரிடமும் நான் இதைச் சொல்வது வழக்கம். உங்களிடமும் சொல்லிவிட்டேன்.

எவ்வளவு தூரம் நேசிக்க முடியும் என்ற அந்தக் கேள்விக்குக் கிறிஸ்தவர்கள் வைத்திருக்கும் பெயர் கிருபை. தகுதியில்லாதவருக்குக் கிடைக்கும் தயவு. சபையில் ஆயிரம் முறை கேட்டுக் காது மரத்துப்போன சொல். ஆனால் காதல் கதைக்குள் வைத்துப் பாருங்கள், அது திடீரென்று பல் முளைத்து நிற்கும். வழக்கமான காதல் கதையில் குறுக்கே நிற்பது யார்? அந்தஸ்து, அப்பா, இன்னொரு பெண், அல்லது ஒரு போன் செய்தால் தீர்ந்துவிடும் தவறான புரிதல். கிருபையை அச்சாணியாகக் கொண்ட கதையில் தடை உள்ளே இருக்கிறது. "என்னை முழுதாகத் தெரிந்துகொண்டால் நீ என்னை நேசிக்கமாட்டாய்" என்ற பயம். இந்தப் பயம் நமக்கு மனிதன் முன்னாலும் வரும், கடவுள் முன்னாலும் வரும். ஒரே பூட்டு, இரண்டு கதவுகளில். ஒரு கதவு திறக்கும்போது மற்றதும் அசைகிறது. இந்த இரட்டைக் கதவுக்காகவே சிலர் இந்த வகையை விட்டுப் போகமாட்டார்கள். கதை கட்டுகிறவருக்கு இதைவிட நல்ல சாமான் கிடைப்பது அரிது.

வேலிகளைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். நீங்கள் தொடர்கதை எழுதுகிறவர். அடுத்த வாரம் வரை வாசகரைக் காக்கவைக்கும் வித்தை உங்களுக்குக் கைவந்த ஒன்று. கொடுக்காமல் வைத்திருப்பதில் இருக்கும் பலம் உங்களுக்குத் தெரியாததல்ல. ஜேனட் ஓக்கின் அந்த முதல் நாவலின் கட்டுமானத்தைப் பாருங்கள். மேற்கே குடியேற வந்த இடத்தில் இளம் பெண் ஒருத்தி கணவனை இழக்கிறாள். தாயில்லாத சிறுமி ஒருத்தியின் தகப்பன் அவளிடம் வந்து, "என் மகளுக்குத் தாயாக இரு, நாம் பெயருக்கு மணம் செய்துகொள்வோம், வசந்தகாலத்தில் கிழக்கே திரும்பும் வண்டிகளோடு போக நினைத்தால் வழிச்செலவு நான் தருகிறேன்" என்கிறான். அவ்வளவுதான். ஒரே கூரைக்கடியில், சட்டப்படி கணவன் மனைவியாக, அந்நியர்களாக இருவர். வசந்தகாலம் நெருங்கிக்கொண்டே இருக்கிறது. தொட உரிமை இருந்தும் தொடாத இரண்டு பேரை ஒரு குளிர்காலம் முழுக்க ஒரே வீட்டுக்குள் வைத்துவிட்டால், அவன் விறகு கொண்டுவந்து போடுவதுகூடக் காதல் காட்சி ஆகிவிடும்.

இன்னும் பழைய உதாரணம் வேண்டுமானால் வேதாகமத்தில் ரூத்தின் புத்தகத்துக்குப் போங்கள். நான்கே அதிகாரம், 85 வசனங்கள். மூன்றாம் அதிகாரத்தில் விதவையான ரூத் குளித்து, எண்ணெய் பூசி, உடுத்திக்கொண்டு, இருட்டில் களத்துக்குப் போகிறாள். அவள் கதிர் பொறுக்கிய வயலின் சொந்தக்காரனான போவாஸ் சாப்பிட்டுக் குடித்து, அம்பாரத்தின் ஓரத்தில் படுத்திருக்கிறான். அவள் மெல்ல வந்து, அவன் கால்மாட்டுப் போர்வையை விலக்கி, அங்கே படுத்துக்கொள்கிறாள். நடுராத்திரியில் அவன் திடுக்கிட்டு விழித்து, "நீ யார்?" என்கிறான். இந்த ஒரு கேள்விக்கு முன்னால் எத்தனை படுக்கையறைக் காட்சிகள் நிற்கும்? விடிவதற்கு முன், ஒருவர் முகம் ஒருவருக்குத் தெரியாத இருட்டிலேயே அவள் எழுந்துகொள்கிறாள். அவன் அவளை வெறுங்கையோடு அனுப்பவில்லை, ஆறு படி வாற்கோதுமை அளந்து கொடுக்கிறான். அந்த வாற்கோதுமை எனக்கு எப்போதும் பிடிக்கும். காதலைச் சொல்ல அதைவிடக் கனமான பொருளை நான் எந்தக் கதையிலும் தூக்கியதில்லை.

அந்தப் புத்தகத்தில் கவனிக்க இன்னொன்றும் இருக்கிறது. பாத்திரங்கள் எல்லாரும் வாய்க்கு வாய் கர்த்தரின் பெயரைச் சொல்கிறார்கள், வாழ்த்துகிறார்கள், புலம்புகிறார்கள். ஆனால் 'கர்த்தர் இவளுக்கு இதைச் செய்தார்' என்று கதைசொல்லி ரூத்தைப் பற்றித் தன் வாயால் நேராகச் சொல்வது நான்காம் அதிகாரத்தில், அவள் கர்ப்பம் தரிக்கும்போதுதான். அதுவரை எல்லாம் தற்செயல் மாதிரியே நடக்கிறது. எந்த வயல் என்று பார்க்காமல் கதிர் பொறுக்கப் போனாள், அது போவாஸின் வயலாக இருந்தது, அவ்வளவே. என் மேசைக்கு வரும் நாவல்களிலோ மூன்றாம் பக்கத்திலேயே கர்த்தர் காதலர்களுக்கு நேரம் குறித்துக் கொடுத்துவிடுகிறார். ரூத்தை எழுதியவர் கற்ற அடக்கத்தில் பத்தில் ஒரு பங்கு நமக்கு இருந்தால் போதும், உங்கள் கணவரின் சர்க்கரைப் புகாருக்கு வேலையே இருக்காது.

கிட்டத்தில் வைத்து ஒன்றைக் காட்டுகிறேன். என்னிடம் வந்த ஒரு கைப்பிரதியிலிருந்து, எழுதியவரின் அனுமதியோடு, பாத்திரத்தின் பெயரை மட்டும் மாற்றித் தருகிறேன். முதல் வடிவம்:

"ஆண்டவரே, எல்லாம் உமது சித்தப்படியே நடக்கும் என்று விசுவாசிக்கிறேன். இவரை என் வாழ்க்கையில் அனுப்பியது நீரே என்றால் அதை எனக்கு வெளிப்படுத்தும். உம்முடைய வேளை வரும்வரை பொறுமையோடு காத்திருக்கக் கிருபை தாரும் என்று சாரா கண்ணீரோடு ஜெபித்தாள்."

பிழை ஒன்றும் இல்லை. உயிரும் இல்லை. இந்த ஜெபத்தை எந்தச் சாராவும் எந்த நாவலிலும் செய்யலாம். நான் ஓரத்தில் ஒரு கேள்வி எழுதி அனுப்பினேன்: "அந்த ராத்திரி அவள் நிஜமாகவே என்ன கேட்டிருப்பாள்?" இரண்டு வாரம் பதில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்றே நினைத்தேன். பிறகு இது வந்தது:

"முழங்காலிட்டாள். கண்ணை மூடினால் அவனுடைய சட்டைக் கையில் ஒட்டியிருந்த சுண்ணாம்பு தெரிந்தது. கண்ணைத் திறந்தாள். மறுபடியும் மூடினாள். சுண்ணாம்பு போகவில்லை. இதை எடுத்துவிடும் என்று கேட்க வாயெடுத்தாள். நிஜமாகவே எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று பயம் வந்தது. கடைசியில் ஒன்றும் கேட்காமல் ஆமென் மட்டும் சொல்லிவிட்டு எழுந்தாள்."

இந்தப் பெண்ணை எனக்குத் தெரியும் என்று தோன்றுகிறதா இல்லையா? கடவுளை நம்பாதவர் வாசித்தாலும் அவளைத் தெரிந்துகொள்வார். கேட்கப் பயந்து எழுந்துபோன அந்த ஆமெனில் காதலும் இருக்கிறது, விசுவாசமும் இருக்கிறது, இரண்டுக்கும் நடுவிலான இழுபறியும் இருக்கிறது. நாவலின் மீதி முழுக்க அவள் அந்தக் கேள்வியை எப்போது வாய்விட்டுக் கேட்பாள் என்று நான் காத்திருந்தேன்.

இனி, நீங்கள் இறங்குவதாக இருந்தால் இரண்டு பள்ளங்களைச் சொல்லிவைக்கிறேன். மற்றவற்றில் நீங்களே விழுந்து எழுந்துகொள்வீர்கள்.

முதலாவது, லாரி. "அந்நிய நுகத்திலே அவிசுவாசிகளுடன் பிணைக்கப்படாதிருப்பீர்களாக" என்று 2 கொரிந்தியர் 6:14 சொல்கிறது. அதனால் இந்த வகை நாவல்களில் கடைசிப் பக்கத்துக்குள் இருவரும் விசுவாசிகளாக ஆகிவிடவேண்டும் என்பது கிட்டத்தட்ட எழுதாத சட்டம். நாயகன் நம்பாதவன் என்றால் என்ன செய்வது? இருபதாம் அத்தியாயத்தில் ஒரு லாரி வரும். ஆஸ்பத்திரி, கட்டு, கண்ணீர், மனந்திரும்புதல். இருபத்தோராம் அத்தியாயத்தில் கல்யாணம். அந்த லாரி ஐந்து நிமிடம் தாமதமாக வந்திருந்தால் அவனுடைய இரட்சிப்பு என்ன ஆகியிருக்கும் என்று நான் கேட்டால் எழுத்தாளர்களுக்குக் கோபம் வருகிறது. நாயகியை அடைவதற்குக் கட்டும் விலையாக விசுவாசம் ஆகிவிட்டால், அது அவளையும் கொச்சைப்படுத்துகிறது, விசுவாசத்தையும் கொச்சைப்படுத்துகிறது. நான் வைத்திருக்கும் சோதனை இது: நாயகி அவனை வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவன் ஆராதனைக்கு வருவானா? வருவான் என்று உங்களுக்கே நிச்சயமாகத் தெரிந்த பிறகு எழுதுங்கள்.

இரண்டாவது, மலிவான மன்னிப்பு. 'ரொமான்ஸ் ரைட்டர்ஸ் ஆஃப் அமெரிக்கா' என்ற எழுத்தாளர் சங்கம் 2021-இல் ஆன்மிகக் காதல் பிரிவில் ஒரு நாவலுக்கு விருது கொடுத்து, கண்டனம் எழுந்ததும் சில நாட்களிலேயே அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. 1890-இல் ஊண்டட் நீ என்ற இடத்தில் அமெரிக்க ராணுவம் லக்கோட்டாப் பழங்குடி மக்களைக் கொன்று குவித்த நிகழ்ச்சியில் பங்குகொண்ட ஒரு படை அதிகாரிதான் அந்த நாவலின் நாயகன். பிறகு மனம் வருந்தி நல்லவனாகிறான். செத்துக்கிடப்பவர்கள் அவன் மனம் திருந்துவதற்கான திரைச்சீலையாக மட்டும் வந்துபோகிறார்கள் என்பதுதான் எதிர்த்தவர்களின் ஆத்திரம். விருதைத் திரும்பப் பெற்றது சரியா என்று இன்னும் வாதிடுகிறவர்கள் உண்டு. நான் அந்த வழக்குக்குள் போகவில்லை. எழுதுகிறவருக்கு அதில் ஒரு பாடம் இருக்கிறது: பாவம் யாருக்கு இழைக்கப்பட்டதோ அவரைக் கதைக்கு வெளியே நிறுத்திவிட்டு ஆண்டவரோடு மட்டும் கணக்கைத் தீர்த்துக்கொள்ளும் நாயகன் வாசகரை ஏமாற்றுகிறான். வேதாகமத்தில், இயேசுவைப் பார்க்க மரத்தில் ஏறிய வரி வசூலிப்பவனான சகேயு இறங்கியதும் அநியாயமாய் வாங்கினவர்களுக்கு நாலத்தனையாகத் திரும்பக் கொடுக்கிறேன் என்றான். வெறுமனே அழுதுவிட்டு விருந்துக்கு உட்காரவில்லை.

இனி உங்கள் விஷயம். பழைய வாசகர்களைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். சிலர் போவார்கள், சிலர் வருவார்கள். அவ்வளவு சங்கடமாக இருந்தால் புனைபெயர் ஒன்று வைத்துக்கொள்ளுங்கள், அதில் பாவம் ஒன்றும் இல்லை. நீளத்தைப் பற்றி யோசித்தால், 'லவ் இன்ஸ்பயர்ட்' போன்ற வரிசைகளில் ஒரு நாவல் சுமார் 55,000 சொற்கள். தொடர்கதை எழுதியவருக்கு அது எட்டாத தூரம் அல்ல. அடுத்து, எழுதியதைச் சோதிக்க ஒரு வழி. இரண்டு மூன்று அத்தியாயம் முடிந்ததும் ஒரு மாலை உட்கார்ந்து, ஜெபம், வேதம், சபை என்று வரும் ஒவ்வொரு வரியையும் அடித்துவிடுங்கள். மிச்சத்தை வாசியுங்கள். கதைக்கு ஒரு சேதமும் இல்லாமல் நின்றால், உங்களுக்கு இந்த வகை தேவையில்லை. வழக்கம்போல நல்ல காதல் கதையே எழுதுங்கள், ஒரு கிறிஸ்தவர் அதை எழுதுவதற்கு யாரும் தடை போடவில்லை. காதலர்கள் ஒருவரை ஒருவர் ஏன் தேடுகிறார்கள், ஏன் விலகுகிறார்கள் என்பதே புரியாமல் போய்விட்டால், சரியான இடத்துக்குத்தான் வந்திருக்கிறீர்கள்.

இன்னொன்று. இது ஆலோசனை அல்ல, உங்கள் கடிதத்தை மூன்று தடவை வாசித்தவளின் ஊகம். 'உடம்பு சரியில்லாமல் படுத்திருந்தபோது' என்று ஒரே வரியில் தாண்டிப் போய்விட்டீர்கள். பதினோரு ஆண்டுகள் வராத ஆசை அந்தப் படுக்கைக்குப் பிறகு வந்திருக்கிறது. அங்கே படுத்துக்கொண்டு நீங்கள் ஆண்டவரிடம் கேட்டவற்றில் சில கிடைத்திருக்கும், சில கிடைத்திருக்காது. கிடைக்காத ஒன்றை உங்கள் நாயகிக்குக் கொடுத்துவிட்டு, அவளை ஒருவன் நேசிக்கத் தொடங்கும் நாளிலிருந்து கதையை ஆரம்பித்துப் பாருங்களேன். எனக்குக் கதை சொல்ல வராது, திருத்தத்தான் வரும். ஆனால் அந்தக் கதையை வாசிக்க எனக்கு ஆசையாக இருக்கிறது.

முதல் மூன்று அத்தியாயம் முடிந்ததும் எனக்கு அனுப்புவதற்கு முன்னால் உங்கள் கணவரிடம் ஒரு பென்சிலோடு கொடுங்கள். கருத்து எதுவும் எழுதவேண்டாம், வாசிக்காமல் பக்கத்தைப் புரட்டிய இடத்தில் மட்டும் ஒரு கோடு போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை அழிக்காமல் அப்படியே அனுப்பிவையுங்கள்.